தவளைக்கண் காரும் ஒரு கேமராவும்: வீட்டு வாசலில் ஸ்போர்ட்ஸ் கார் சர்வீஸ் ஆன வரலாறு

சொந்த ஸ்போர்ட்ஸ் காரை கம்பெனி சர்வீஸுக்கு விடாமல் வீட்டு வாசலிலேயே கழட்டி மாட்டுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நேர் எதிர். கையில் காசு இல்லாத இளைஞர்கள் ஆரம்பித்து வைத்தது அது. அதை உலகம் பூரா கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜரின் மகனாக.

கொஞ்சம் நீளமான இழை. ஒரு கப் டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. ரெண்டு வேலை இருக்கு. காருக்கு அடியில் படுக்கிற ஆளோட நெஞ்சும் நுரையீரலும் எங்க டிபார்ட்மென்ட். அப்புறம், ஒரு மெஷினைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கணும் என்கிற சண்டை ஆஸ்பத்திரியிலும் அப்படியே நடக்குது. ரெண்டுக்கும் வர்றேன். முதலில் இங்கிலாந்து.

இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்தில் கார் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாடே கடனில். டாலர் வேண்டும் என்பதற்காக எம்ஜி, ஜாகுவார் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பெட்ரோல் ரேஷன் 1950 வரை. புது கார் மேல் பர்ச்சேஸ் டேக்ஸ் என்று ஒரு வரி. 1940ல் போருக்காகக் கொண்டுவந்த வரி அது. 1951ல் கார்களுக்கு அது மொத்த விற்பனை விலையில் மூன்றில் இரண்டு பங்காக ஏறியது.

அப்போ ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ள பையன் என்ன பண்ணுவான்? போருக்கு முன் வந்த ஆஸ்டின் 7 காரைத் தேடிப் போவான். 747 சிசி, குட்டி கார், 1922ல் இருந்து 1939 வரை லட்சக்கணக்கில் வந்தது. துருப்பிடித்த பாடி, சல்லிசான விலை. பாடியைக் கழட்டித் தூரப் போட்டுவிட்டு, சேஸிஸ் மேல் லேசான அலுமினியத் தகடு அடித்து, இன்ஜினைக் கொஞ்சம் உசுப்பேற்றினால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆகிவிடும். இதற்கு 'ஸ்பெஷல்' என்று பெயர்.

1948ல் காலின் சாப்மேன் என்ற இன்ஜினியரிங் மாணவர் இப்படித்தான் ஒரு பழைய ஆஸ்டின் 7-ஐ எடுத்து, காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் வைத்து முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் கம்பெனி பிறந்தது அங்கேதான். பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஃபெராரியை ஓட ஓட விரட்டிய அதே லோட்டஸ்.

1957ல் லோட்டஸ் செவன் வந்தது. அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சட்டக் கூத்து இருக்கு.

வரி முழுசாகக் கட்டிய காருக்குத்தான். பாகங்களாக வாங்கி நீங்களே வீட்டில் பூட்டிக்கொண்டால் பர்ச்சேஸ் டேக்ஸ் கிடையாது. அதனால் லோட்டஸ் செவனை பெட்டி பெட்டியாக விற்றார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு கொக்கி: பூட்டுவது எப்படி என்ற குறிப்பைக் கூடவே கொடுத்தால் அது கார் விற்றதாகக் கணக்கு, வரி வந்துவிடும்.

லோட்டஸ் என்ன பண்ணுச்சு தெரியுமா? பூட்டும் குறிப்பு கொடுக்கவில்லை. காரைக் 'கழட்டும்' குறிப்பு கொடுத்தது! அதைக் கடைசிப் பக்கத்தில் இருந்து பின்னோக்கிப் படித்து வேலை செய்தால் கார் தயார். கழட்டும் குறிப்பைப் பற்றி சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. 1973ல் பர்ச்சேஸ் டேக்ஸை எடுத்துவிட்டு வாட் வரி வரும் வரை இந்த கிட் கார் வியாபாரம் அமோகமாக ஓடியது.

சிரிச்சாச்சா? இப்போ அந்தச் சட்டம் எதைப் பார்த்து பயந்தது என்று கவனிங்க. ஸ்பானரைப் பார்த்து இல்லை. நட்டு போல்ட்டைப் பார்த்தும் இல்லை. காகிதத்தைப் பார்த்து. எப்படிப் பூட்டுவது என்று எழுதின காகிதம் இருந்தால்தான் பெட்டியில் இருக்கும் இரும்புக் குவியல் கார் ஆகும் என்று வரி அதிகாரிக்கே தெரிந்திருக்கு. வீட்டில் கார் சர்வீஸ் செய்யும் வரலாறு முழுக்க இந்தக் காகிதத்துக்கான சண்டைதான். இலங்கையில் பிறந்த நம்ம ஆள் உள்ளே வருவது இங்கேதான்.

அவர் பெயர் ஜான் ஹெய்ன்ஸ். பிறப்பு 1938. இலங்கையில் வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர் வீட்டுப் பிள்ளை. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தது நம் ஊரில் இருந்து போன தமிழர்கள் என்பதையும் சொல்லிவிட்டே நகர்கிறேன். அவர்களுக்கு அப்போது சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிசு.

பையனைப் படிப்புக்காக இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்கள். ரக்பி விளையாட்டில் அவனுக்கு இஷ்டம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆஸ்டின் 7-ஐ ஸ்பெஷலாக மாற்றிக் கட்டுகிறேன் என்று பள்ளியில் அனுமதி வாங்கினான். கட்டினான். காரை விற்றான். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களின் ஆர்வத்தைக் கண்டு, எப்படிக் கட்டினேன் என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதினான். 250 பிரதி. பத்தே நாளில் காலி. இது 1956ல்.

அப்புறம் ராயல் ஏர் ஃபோர்ஸ் வேலை. 1960களின் நடுவில் ஏடனில் போஸ்டிங். இன்றைய யேமன் நாட்டில் உள்ள துறைமுகம், அன்று பிரிட்டிஷ் வசம். அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் பழைய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு, இதைச் சரிபண்ண உதவி பண்ணுப்பா என்று கேட்டார்.

இந்த ஸ்பிரைட் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1958 மே மாதம் மான்டி கார்லோவில் அறிமுகம். டொனால்ட் ஹீலி வடிவமைத்து, எம்ஜியின் ஆபிங்டன் ஃபேக்டரியில் தயாரித்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ஹெட்லைட் ரெண்டும் மடங்கி உள்ளே போகிற மாதிரிதான் முதலில் யோசித்தார்கள். செலவு ஜாஸ்தி என்று விட்டுவிட்டதால், பானெட் மேலேயே ரெண்டு முட்டைக்கண் மாதிரி நின்றுவிட்டது. ஜனங்க வெச்ச பேர் தவளைக்கண்.

கஞ்சத்தனம் அதோடு நிற்கவில்லை. வெளியில் கதவுக் கைப்பிடி இல்லை. டிக்கிக்கு மூடி இல்லை. சீட்டை மடித்து உள்ளே கை விட்டுத்தான் பெட்டியை எடுக்கணும். இன்ஜின் 948 சிசி, சாதாரண மோரிஸ் மைனர் குடும்பக் காரில் இருந்த அதே ஏ-சீரிஸ். ஆனால் ஒரு வரம்: முன்பக்க மட்கார்டு, லைட், பானெட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக, முதலை வாய் திறக்கிற மாதிரி மேலே தூக்கலாம். தூக்கினால் இன்ஜின் மொத்தமும் கண்ணுக்கு முன்னால்.

நம் ஊர் ஆட்களுக்கு ஒரு இடைச்செருகல். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகம் இருக்கா? அதன் பானெட்டும் இப்படி மொத்தமாகக் கவிழும், அது முன்பக்கமாக. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம்ம தாத்தாக்கள் குடும்பத்தோட கோயிலுக்குப் போன கார், ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்.

சரி, ஏடனுக்குத் திரும்புவோம். ஹெய்ன்ஸ் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலை எடுத்துப் பார்த்தார். அது சாதாரண ஓனருக்கு உதவுகிற மாதிரி இல்லை. டீலர் ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே பயிற்சி எடுத்த மெக்கானிக்குக்காக எழுதியது அது. ஸ்பெஷல் டூல் இருக்கும் என்று அதுவே நினைத்துக்கொள்ளும். முக்கியமான பத்து ஸ்டெப்பை உனக்குத்தான் தெரியுமே என்று தாண்டிவிடும்.

அவர் ஒரு கேமரா வாங்கினார். இன்ஜினைக் கழட்டும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தார். திரும்பப் பூட்டும்போதும் எடுத்தார். போட்டோவுக்குப் பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் விளக்கம். பாகங்கள் எல்லாம் காற்றில் பிரிந்து மிதப்பது போல ஒரு வரைபடம். 1966ல் இது புத்தகமாக வந்தது. 3,000 பிரதி, மூன்று மாதத்துக்குள் தீர்ந்தது. முதல் ஹெய்ன்ஸ் மேனுவல் அதுதான். அடுத்த ஐம்பது வருஷத்தில் உலகம் முழுக்க 20 கோடிக்கும் மேல் விற்றது இந்த வரிசை. ஆரம்பம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்.

மருத்துவக் கல்லூரியில் படிச்சவங்களுக்கு இதைச் சட்டென்று புரிய வைக்கலாம். கிரேஸ் அனாட்டமி புத்தகம் உடம்பில் எது எங்கே இருக்கு என்று சொல்லும். ஆனால் டிசெக்‌ஷன் ஹாலில் கத்தியோடு நிற்கும் முதல் வருஷப் பையனுக்கு அது போதாது. எங்கே கீறணும், எந்தத் தோலை எந்தப் பக்கம் மடிக்கணும், அடியில் எந்த நரம்பு ஓடுது, அதை எப்படி வெட்டாமல் தப்பிக்கணும் என்று கைபிடித்துச் சொல்வது கன்னிங்ஹாம். ஹெய்ன்ஸ் செய்தது காருக்கு ஒரு கன்னிங்ஹாம். நிஜமாக வெட்டிப் பார்த்த ஆள் எழுதினதுக்கும், வெட்டாமல் எழுதினதுக்கும் இருக்கும் வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அந்தக் காலத்து சர்வீஸ் எவ்வளவு இருந்தது என்று இப்போ உள்ளவர்களுக்குத் தெரியாது. இன்று பத்தாயிரம் கிலோமீட்டர் ஒரு தடவை ஷோரூமில் விட்டுட்டு காபி குடிச்சுட்டு வர்றோம். ஸ்பிரைட்டுக்கு முன் சக்கரத் திருப்பு மூட்டுகளில் 1,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கணும். பாயின்ட் கேப் பார்க்கணும். பிளக் சுத்தம் பண்ணணும். ரெண்டு எஸ்யூ கார்ப்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்குதா என்று காதில் ரப்பர் குழாய் வைத்துக் கேட்டு ட்யூன் பண்ணணும். ஆமாம், ஸ்டெதஸ்கோப் மாதிரியே! இத்தனைக்கும் டீலரிடம் ஓடினால் சம்பளம் அங்கேயே போயிடும். வீட்டில் செய்வது ஆசைக்கு இல்லை, வேறு வழி இல்லாமல்.

டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணுவதில் ஒரு அழகான கணக்கு உண்டு. நாலு சிலிண்டர், எட்டு வால்வு. வால்வு முழுசாக மூடியிருக்கும்போதுதான் இடைவெளி அளக்கணும். அது எப்போது மூடியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்பதில் இருந்து கழி. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்து நின்றால் ஒன்றாவதை அட்ஜஸ்ட் பண்ணு. ஏழு திறந்தால் ரெண்டு. ஆறு திறந்தால் மூணு. ஃபீலர் கேஜ் தகடு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். தகடு லேசாகப் பிடிச்சு நகரணும். இறுக்கமாகவும் கூடாது, தொளதொளன்னும் கூடாது. இதைத் தெரிஞ்சுக்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். யாராவது ஒரு தடவை சொன்னால் போதும். சொல்லாமல் இருந்தால்தான் அது 'எக்ஸ்பர்ட் வேலை'.

நம்ம அம்பாசிடருக்கும் இதே கணக்கு பொருந்தும். அம்பாசிடரில் பல வருஷம் ஓடிய 1,489 சிசி இன்ஜின், பிஎம்சியின் பி-சீரிஸ். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த இன்ஜினும் அதே குடும்பம். ஸ்பிரைட்டின் ஏ-சீரிஸ் அதுக்குத் தம்பி. நம்ம டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள் மரத்தடியில் பானெட்டைத் தூக்கி வைத்து டேப்பட் பார்த்தது, இங்கிலாந்தில் கோட்டு போட்டவர் ஞாயிற்றுக்கிழமை கராஜில் எம்ஜிஏவுக்குப் பார்த்த அதே வேலை. அவருக்குப் பெயர் ஹாபி. நம்ம ஆளுக்குப் பெயர் பொழப்பு.

இப்போ என் டிபார்ட்மென்ட். டீலரிடம் இருந்து வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், ஒர்க்‌ஷாப்பின் ஆபத்துகளையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் பற்றி பழைய கார் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

முதலில் பிரேக். அன்று பிரேக் ஷூ லைனர் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைக் கழட்டினால் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கும். டிரம்மைத் தரையில் ஒரு தட்டு, வாயால் ஒரு ஊது. அப்படித்தான் எல்லோரும் சுத்தம் பண்ணினார்கள். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் இருக்கும். நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய், மூச்சில் இழை போய் முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட வரும். நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்: மெக்கானிக்குகளை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் இந்த நோய் கூடுதலாகத் தெரியவில்லை. பிரேக் சூட்டில் இழையின் பெரும்பகுதி வேறு தாதுவாக மாறிவிடுவது ஒரு காரணம். ஆனாலும் இதில் விவாதம் முடியவில்லை. ஊதாமல் இருக்கக் காசு செலவில்லையே.

பிரிட்டன் 1999ல் ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்தது. இந்தியாவில் இன்னும் முழுத்தடை இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் தூசியை ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்க. ஏர் கம்ப்ரசர் வைத்து அடிக்காதீங்க.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. கார்ப்பரேட்டர் ட்யூன் பண்ண இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கணும். இங்கிலாந்துக் குளிரில் கராஜ் கதவைச் சாத்திவிட்டு ட்யூன் பண்ணினால் என்ன ஆகும்? இந்த வாயு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, குமட்டல், கொஞ்சம் தூக்கம். ஃப்ளூ மாதிரி இருக்கே என்று தோன்றும்போதே கால் ஒத்துழைக்காது. புது காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கே என்பீர்கள். அது சூடானால்தான் வேலை செய்யும். குளிர்ந்த இன்ஜினை மூடிய ஷெட்டில் ஸ்டார்ட் பண்ணினால் புது காரும் கொல்லும்.

மூன்றாவதுதான் ரொம்ப மோசம்: ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் கார் இறங்கும். ஹாலோ பிளாக் கல்லை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஸ்போர்ட்ஸ் கார் வேறு தரையோடு தரையாக இருக்கும், அடியில் நகர இடமே கிடையாது. நெஞ்சின் மேல் எடை இறங்கினால் எலும்பு முறியாவிட்டாலும் விலா விரியாது, மூச்சு இழுக்க முடியாது, கத்தவும் முடியாது. முகம் மட்டும் நீலம் பாரித்து, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளிகளோடு வருவார்கள். நிமிஷக் கணக்கு அது. இரும்பு ஸ்டாண்டு ரெண்டு வாங்கிப் போடாமல் காருக்கு அடியில் தலையை நீட்டாதீங்க.

பிற்கால ஹெய்ன்ஸ் மேனுவல்களில் இந்த எச்சரிக்கைகள் எல்லாம் முன்பக்கங்களிலேயே வந்துவிட்டன. இதையும் கவனிக்கணும். ஆபத்தைக் குறைத்தது புத்தகத்தை மறைத்து வைத்தது இல்லை, புத்தகத்தில் இன்னொரு பக்கம் சேர்த்தது.

1980ல் ஆபிங்டன் எம்ஜி ஃபேக்டரி மூடியது. 1989ல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்து, பழைய பிரிட்டிஷ் காரின் சுகத்தை எண்ணெய் ஒழுகாமல் கொடுத்தது. வீட்டு மெக்கானிக்குகளுக்கு அது கடவுள் கொடுத்த வரம், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் காரின் மூளை அதற்குள் கம்ப்யூட்டருக்கு மாற ஆரம்பித்துவிட்டது.

விலை உயர்ந்த பக்கம் கதை வேற. 1994ல் வந்த ஃபெராரி எஃப்355-க்கு டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே மொத்தமாகக் கீழே இறக்கணும். சில வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. டீலர் பில்லைப் பார்த்து மயங்கிய சில ஓனர்கள் லிஃப்ட் மேசை வாங்கி வீட்டு கராஜிலேயே இறக்கினார்கள். கஷ்டமான வேலை, ஆனால் பூட்டு எதுவும் இல்லை. இரும்பு இரும்பாகத்தான் இருந்தது.

பூட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க மெக்லாரன் எஃப்1-ஐப் பாருங்க. 1990களில் மொத்தமே 106 கார்தான். அந்தக் காலத்தின் உலகிலேயே வேகமான கார். அதோடு பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட பழைய காம்பேக் லேப்டாப்தான் வேண்டும், அதில் ஸ்பெஷலாகச் செய்த ஒரு கார்டு. இருபது வருஷம் கழித்தும், 2016ல், உலகப் புகழ்பெற்ற அந்த கம்பெனி செகண்ட்ஹேண்டு காம்பேக் லேப்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தது! ஓனர் கையில் கோடிக்கணக்கான மதிப்புள்ள கார் இருக்கு. அதன் சாவி ஒரு காயலான்கடை லேப்டாப்பில் இருக்கு.

சாதாரணக் காரிலும் இது இறங்கி வந்தது. பேட்டரி மாற்றினால் புது பேட்டரி வந்திருக்கு என்று பிஎம்டபிள்யூவின் கம்ப்யூட்டருக்குப் பதிவு பண்ணணும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேடு மாற்ற, முதலில் சாஃப்ட்வேர் மூலம் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கணும். வேலை அதே ரெண்டு போல்ட்தான். அனுமதிதான் புதுசு.

இதை எதிர்த்து சட்டங்கள் வந்ததும் ஒரு நீண்ட கதை, வேகமாகச் சொல்றேன். அமெரிக்காவில் 1975ல் மேக்னசன்-மாஸ் வாரன்ட்டி சட்டம்: எங்க பிராண்டு பாகத்தைத்தான் போடணும், இல்லாட்டி வாரன்ட்டி போச்சு என்று பொதுவாக மிரட்ட முடியாது. 1996 மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற 16 பின் சாக்கெட் கட்டாயம். நோக்கம் புகைக் கட்டுப்பாடு. கைமேல் பலன், யார் வேண்டுமானாலும் ஒரு சின்ன ரீடரைச் செருகி இன்ஜின் லைட் ஏன் எரியுது என்று பார்க்கலாம். 2012ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, டீலருக்குக் கொடுக்கும் தகவலை மற்றவர்களுக்கும் விலைக்காவது கொடு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2020ல் வயர்லெஸ்ஸில் கார் அனுப்பும் தகவலுக்கும் அதே மாதிரி ஓட்டு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

இந்தியாவில்? நம்மிலும் ஒரு பெரிய தீர்ப்பு உண்டு, பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றச்சாட்டு: உதிரி பாகத்தையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது. வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரன்ட்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவில் இருக்கு. வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அது வேறு. பிறகு மேல்முறையீடுகள், வழக்குகள். அந்த 14 பேரில் அம்பாசிடரை மரத்தடியில் கழட்டவிட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. இதை என்ன சொல்ல!

ஆஸ்பத்திரிக்கும் இதுக்கும் தொடர்பு என்றேனே. 2020 கொரோனாவில் வெண்டிலேட்டர் பழுதானால் கம்பெனி ஆள் வரும் வரை காத்திருக்க முடியாத நிலை. அப்போ ஐஃபிக்ஸிட் என்ற அமைப்பு மருத்துவக் கருவிகளின் சர்வீஸ் மேனுவல்களைத் தேடித் திரட்டி மே மாதம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் இன்ஜினியர் இருப்பார், டூல் இருக்கும். கையில் இல்லாமல் இருந்தது காகிதம்தான். ஹெய்ன்ஸ் ஏடனில் பட்ட அதே அவஸ்தை.

எங்க தொழிலுக்கும் ஒரு குத்து. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்தாகணும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதியே இருக்கு. எத்தனை பேர் கொடுக்கிறோம்? ரிப்போர்ட்டைப் பார்த்து என்ன புரியப் போகுது உங்களுக்கு என்று சொல்லும் டாக்டரும், மேனுவலைப் பார்த்து என்ன புரியப் போகுது என்று சொல்லும் கார் கம்பெனியும் ஒரே பள்ளிக்கூடம்.

கம்பெனிகள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்பேக்கில் வெடிமருந்து இருக்கு. சாவியின் ரகசிய எண்ணைத் திறந்துவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம். இதற்கெல்லாம் தனிப் பூட்டு போடட்டும். பிரேக் பேடுக்கும் பேட்டரிக்கும் எதுக்கு அதே பூட்டு?

ஜான் ஹெய்ன்ஸ் 2019 பிப்ரவரியில், 80 வயதில் இறந்தார். அடுத்த வருஷக் கடைசியில் அவர் கம்பெனி, புது மாடல்களுக்கு இனி அச்சுப் புத்தகமாக ஒர்க்‌ஷாப் மேனுவல் போட மாட்டோம் என்று அறிவித்தது. பழைய தலைப்புகள் மட்டும் அச்சில் தொடரும்.

சரி டாக்டர், இப்போ வீட்டில் எவ்வளவு செய்யலாம் என்று கட்டாயம் கேட்பீங்க. பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிளக், ஏர் ஃபில்டர், வைப்பர் எல்லாம் தாராளமாக. ஸ்டாண்டு போட்டு, கையுறை போட்டு. பழைய இன்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். தினமும் கையில் அப்பிக்கொண்டு திரியாதீங்க, பெட்ரோலால் கை கழுவவும் வேண்டாம், சோப்பு போதும். பிரேக் செய்யலாம், ஆனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். செய்த தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்க. வாரன்ட்டித் தகராறு வந்தால் அதுதான் உங்க கேஸ் ஷீட்.

ஏர்பேக், சீட் பெல்ட் இழுவை: கை வைக்காதீங்க. எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் போர்ஷே டைகானில் ஓடுவது 800 வோல்ட். நம்ம வீட்டு பிளக்கில் 230தான். உள்ளே தடிமனாக ஆரஞ்சு நிறத்தில் வயர் தெரிந்தால் மூடியை மூடிவிட்டு, பயிற்சி எடுத்த ஆளுக்கு போன் போடுங்க.